"திரும்பி வந்த" திமிங்கலங்களும் ஒரு பழைய கணக்கும்

"திரும்பி வந்துவிட்டன" என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கொஞ்ச வருசமாக இந்தச் செய்தி எங்கட திரைகளில் சுற்றிக்கொண்டிருக்கு. பின்னால் பனிமலை, முன்னால் இருண்ட கடல், ஒரு பெரிய வால் மெதுவாக எழும்பித் தண்ணீருக்குள் இறங்கும். பியானோ இசை. கீழே எழுத்து: நூறு வருடங்களுக்குப் பிறகு திமிங்கலங்கள் தென் ஜோர்ஜியாவுக்குத் திரும்பிவிட்டன, இயற்கை தன்னைத்தானே ஆற்றிக்கொள்கிறது. நாங்களும் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுறம்.

செய்தி பொய்யில்லை. தென் ஜோர்ஜியா தென் அத்திலாந்திக்கில், போக்லாந்து தீவுகளுக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கிற தீவு. 1998 இலிருந்து 2018 வரை அதைச் சுற்றித் திமிங்கலம் தேடிப்போன ஆய்வுப் பயணங்கள் மொத்தமாகக் கண்டது ஒரேயொரு நீலத் திமிங்கலம். 2020இல் போன ஒரு பயணத்திலேயே ஐம்பதுக்கு மேல் கண்டார்கள். கூனல் திமிங்கலங்களின் கதை இன்னும் பெரிது. பிரேசில் கரையோரம் குட்டி போட்டு, தென் ஜோர்ஜியாப் பக்கம் இரை தின்னப் போகிற கூட்டம் 1950களில் ஏறத்தாழ 450 ஆகச் சுருங்கியிருந்தது. இப்போது 25,000 அளவில் இருக்கிறது. வேட்டைக்கு முந்திய தொகையில் அது தொண்ணூறு வீதத்துக்கும் மேல்.

சந்தோசப்படவேண்டிய விசயம்தான். ஆனால் திரும்பி வந்தவை எண்டால் முதலில் எங்கேயோ போயிருக்கவேணும். இவை எங்க போனவை? சுற்றுலாவா? இவை போகவில்லை, கொல்லப்பட்டன. யார் கொன்றார்கள், என்னத்துக்காக, எந்தக் கணக்கில், பிறகு எதனால் அது நின்றது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளே காணாமல் போகுது. மீள்குடியேறியோர் தொகை என்று ஒரு இலக்கத்தை எழுதிவிட்டுக் கோப்பை மூடுகிற வித்தை எங்களுக்குப் புதிசில்லையே.

ஆகவே கோப்பைத் திறப்போம்.

1904 நவம்பரில் கார்ல் அன்ரன் லார்சன் என்ற நோர்வேக்காரர், புவெனஸ் அயர்சில் திரட்டிய முதலோடு, தென் ஜோர்ஜியாவின் ஒரு குடாவில் வந்து இறங்கினார். அந்த இடத்துக்குக் கிரிட்விக்கன் என்று பெயர். பானைக்குடா என்று பொருள். லார்சனுக்கு முன்பே வந்தவர்கள் சீல்களைக் கொன்று எண்ணெய் காய்ச்சிய பானைகள் அங்கே கிடந்ததால் வந்த பெயர். அதாவது அந்தத் தீவில் திமிங்கலங்களின் முறை வருவதற்கு முன்பே இன்னொரு உயிரின் முறை முடிந்திருந்தது. கையிலே புது ஆயுதமும் இருந்தது. இன்னொரு நோர்வேக்காரரான ஸ்வென் பொய்ன் 1870 அளவில் உருவாக்கிய, உடம்புக்குள் போய் வெடிக்கிற ஈட்டியும் அதைச் சுடுகிற பீரங்கியும். நீலத் திமிங்கலம் போன்ற வேகமான, செத்தால் தாண்டுபோகிற பெரிய உயிர்களை அதுவரை யாரும் பெரிதாகத் தொட முடிந்ததில்லை. இப்போது நீராவிக் கப்பலில் துரத்திச் சுட்டு, உடம்புக்குள் காற்றடித்து மிதக்க வைக்கலாம்.

தொடக்கத்தில் தூரம் போகவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. குடாவுக்குள்ளேயே கூனல் திமிங்கலங்கள் நின்றன. கொழுப்பை மட்டும் உரித்தெடுத்துவிட்டு மிச்ச உடம்பைக் கடலில் தள்ளிவிட்டார்கள். பத்து வருடம் முடிவதற்குள் கரையில் ஒரு நிலையம் பலவாகிவிட்டது, கரையோரத்துக் கூனல் திமிங்கலங்கள் அனேகமாக முடிந்துவிட்டன. பிறகு நீலத் திமிங்கலம், பிறகு துடுப்புத் திமிங்கலம், பிறகு அதைவிடச் சிறியது. பெரியது தீரத் தீர அடுத்த அளவுக்கு இறங்குவது. 1965 வரை தென் ஜோர்ஜியாவின் கரைகளில் இழுத்துப்போட்டு வெட்டப்பட்ட திமிங்கலங்கள் 175,250.

என்னத்துக்கு? மாஜரினுக்கு. சவர்க்காரத்துக்கு. முதலாம் உலகப்போரில் எண்ணெயிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்துக்கு. சன்லைட் சவர்க்காரம் எங்கட வீடுகளுக்கும் தெரிஞ்ச பெயர்தானே? அதைச் செய்த லீவர் பிரதர்ஸ் 1919இல் தென் ஜோர்ஜியாவில் இயங்கிய ஒரு திமிங்கல வேட்டைக் கம்பனியையே வாங்கி வைத்திருந்தது. ஏதோ தூரத்துக் கதை என்று நினைக்கவேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையை உடைக்கவேணும். "மண்ணெண்ணெய் கண்டுபிடித்ததால் திமிங்கலம் தப்பியது, புதுத் தொழில்நுட்பமும் சந்தையும் எல்லாவற்றையும் தீர்க்கும்" என்று ஒரு வாதம் இருக்கு. தொழில்முனைவோர் கூட்டங்களில் நல்லா எடுபடும். அது தலைகீழ். மண்ணெண்ணெய் விளக்கு உலகமெல்லாம் பரவி முடிந்த பிறகுதான் பெருங்கொலை தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகக் கடல்களில் கொல்லப்பட்ட பெரிய திமிங்கலங்கள் ஏறத்தாழ 29 இலட்சம். அதில் 20 இலட்சம் தென் அரைக்கோளத்தில். நிலக்கரியும் டீசலும் அவற்றைக் காப்பாற்றவில்லை. துரத்துகிற கப்பலுக்கு வேகம் கொடுத்தன. 1930-31 பருவத்தில் மட்டும் அந்தாட்டிக்கக் கடலில் 29,000க்கு மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் விழுந்தன. ஒரே பருவத்தில்.

சரி, தங்கட தொழிலே அழிஞ்சுபோகும் எண்டு அவைக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் இந்தக் கதையின் மோசமான பகுதி.

1946இல் நாடுகள் கூடி ஒரு ஒப்பந்தம் போட்டு, பன்னாட்டுத் திமிங்கல ஆணைக்குழுவை உருவாக்கின. அதன் நோக்கமாக எழுதப்பட்டதில் வேட்டைத் தொழிலின் ஒழுங்கான வளர்ச்சியும் இருந்தது. அவர்கள் எண்ணிய முறையைப் பாருங்கள். நீலத் திமிங்கல அலகு என்று ஒன்று. ஒரு நீலத் திமிங்கலம் ஒரு அலகு. இரண்டு துடுப்புத் திமிங்கலம் ஒரு அலகு. இரண்டரைக் கூனல் திமிங்கலம் ஒரு அலகு. சேய் திமிங்கலம் என்றால் ஆறு. வருடத்துக்கு 16,000 அலகு வரை அள்ளலாம். இரண்டரைத் திமிங்கலம்! எண்ணெய்ப் பீப்பாவை எண்ணுகிற கணக்கில் உயிரை எண்ணினால், எந்த இனம் முடிகிறது என்று அந்தக் கணக்கில் எங்கேயும் தெரியாது. நீலம் குறையக் குறைய துடுப்பைச் சுட்டு அலகை நிரப்பலாம். வழியில் ஒரு நீலம் அகப்பட்டால் அதையும் விடத் தேவையில்லை.

1973இல் கொலின் கிளார்க் என்ற கனடாக் கணிதவியலாளர் இதன் அடியில் இருந்த கணக்கை எழுதிக் காட்டினார். ஒரு பேச்சுக்கு, நூறு திமிங்கலம் உங்களிடம் இருக்கு எண்டு வையுங்கோ. வருடத்துக்கு நாலைந்துதான் கூடும். அந்த நாலைந்தை மட்டும் பிடித்தால் காலம் முழுக்கப் பிடிக்கலாம். ஆனால் நூறையும் இப்பவே கொன்று விற்று, காசை வேறு தொழிலில் போட்டால் அதைவிட நல்லாக் கூட வட்டி வரும். அப்போ லாபத்தை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு எது புத்திசாலித்தனம்? கடைசித் திமிங்கலத்தைப் பிடிக்கிற செலவு அதன் விலையைவிடக் குறைவாக இருக்கும்வரை, எல்லாவற்றையும் கொல்வதுதான். இது பேராசையால் வந்த தவறு இல்லை, கணக்குப்படி சரியான விடை. லீத் துறைமுகத்தில் நிலையம் நடத்திய சால்வெசன் கம்பனி 1960களில் திமிங்கலத்தை விட்டுவிட்டுக் குளிர்க் களஞ்சியம், லொறிப் போக்குவரத்து என்று மாறி நல்லாகவே வாழ்ந்தது. திமிங்கலம் முடிந்தது, முதல் முடியவில்லை.

அந்தாட்டிக்க நீலத் திமிங்கலம் வேட்டைக்கு முன் ஏறத்தாழ 239,000 இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் 360 அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து மாணவர் தொகை.

இதையெல்லாம் முதலாளித்துவத்தின் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிற இடதுசாரி நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவேணும். சோவியத் ஒன்றியம் தென் அரைக்கோளத்தில் 2,710 கூனல் திமிங்கலங்களைப் பிடித்ததாக ஆணைக்குழுவுக்கு அறிக்கை கொடுத்தது. உண்மையில் பிடித்தது 48,000க்கு மேல். 1993இல் ரஷ்ய விஞ்ஞானி அலெக்சி யாப்லகோவ் வெளியே சொல்லும்வரை உலகத்துக்கு அது தெரியாது. அங்கே வட்டிக் கணக்கு இல்லை, திட்ட இலக்குக் கணக்கு. இந்த வருடம் இவ்வளவு, அடுத்த வருடம் அதைவிடக் கூட. அவர்களுக்கு அந்தளவு மாஜரினும் தேவைப்படவில்லை. பல உடம்புகளில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு மிச்சத்தை எறிந்தார்கள். சட்டம் அப்போதும் இருந்தது. 1963இலிருந்து தென் அரைக்கோளத்துக் கூனல் திமிங்கலத்தைத் தொடக்கூடாது என்று தடை. காகிதத்தில் இருந்த தடை, கப்பலில் இருக்கவில்லை. 1972இல் ஒவ்வொரு தொழிற்சாலைக் கப்பலிலும் வேறு நாட்டுப் பார்வையாளர் ஏறத் தொடங்கிய பிறகுதான் அந்தக் களவு அனேகமாக நின்றது.

அதே 1972இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த ஐ.நா. மாநாடு பத்து வருடத்துக்கு வேட்டையை நிறுத்தச் சொல்லிக் கேட்டது. ஆணைக்குழு கேட்கவில்லை. மாற்றம் வந்தது பெரிய நாடுகளின் மனச்சாட்சியால் என்று எழுதுகிறவர்கள் சீஷெல்ஸ் என்ற குட்டித் தீவை மறந்துவிடுகிறார்கள். 1979இல் இந்து சமுத்திரத்தைத் திமிங்கலச் சரணாலயமாக்கும் யோசனையைக் கொண்டுவந்து வென்றது அந்த நாடுதான். 1982இல் 25க்கு 7 என்ற வாக்கில் வணிக வேட்டைத் தடை நிறைவேறியது. 1985-86 பருவத்திலிருந்து நடைமுறை. நோர்வே ஆட்சேபித்துத் தன் வேட்டையைத் தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. யப்பான் 2019இல் ஆணைக்குழுவை விட்டே வெளியேறியது.

ஆக, தென் ஜோர்ஜியாவில் இன்று வால் தெரிவதற்கு யாருடைய அன்பும் காரணமில்லை. முதலில் கொல்ல ஒன்றும் மிஞ்சாததால் நிலையங்கள் மூடின. மிஞ்சியவற்றைக் காப்பாற்றியது, கடைசியில் வந்த, கண்காணிப்போடு கூடிய ஒரு தடை. 'கூடாது' என்ற சொல். விலை இல்லை, விழிப்புணர்வுப் பாடல் இல்லை, கம்பனிகளின் தன்னார்வ வாக்குறுதி இல்லை.

வந்தவை யார் என்று பார்த்தாலும் 'திரும்பி' என்ற சொல் இடறுது. 2011க்கும் 2020க்கும் இடையில் தென் ஜோர்ஜியாவில் எடுத்த படங்களிலிருந்து 41 நீலத் திமிங்கலங்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். அந்தாட்டிக்காவின் மற்றப் பகுதிகளில் அறியப்பட்டிருந்த 517 திமிங்கலங்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. எங்கே இரை கிடைக்கும் என்பதைக் குட்டி தாயோடு போய்த்தான் பழகுகிறது, ஒரு இடத்தில் அத்தனை தாய்களையும் கொன்றால் அந்த இடத்தின் நினைவே கூட்டத்திலிருந்து அழிந்துபோகும் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். வேட்டை நின்று ஐம்பது வருடம் தென் ஜோர்ஜியா வெறுமையாகக் கிடந்ததற்கு அவர்கள் சொல்கிற காரணம் இது. கிறில் இருந்தது, கடல் இருந்தது, வழி தெரிந்தவர்கள் இல்லை. ஊருக்குப் போற பாதையைச் சொல்ல ஆள் இல்லாமல் போறது எப்பிடியெண்டு எங்களில் சிலருக்கு விளங்கும்.

எல்லாக் கடலிலும் வால் எழும்பவும் இல்லை. சோவியத் கப்பல்கள் அந்தாட்டிக்காவுக்குப் போகிற வழியில் 1960களின் நடுவில் எங்கட வட இந்து சமுத்திரத்திலும் சுட்டுக்கொண்டு போயின. 1,294 நீலத் திமிங்கலங்கள், இருநூறுக்கு மேற்பட்ட கூனல் திமிங்கலங்கள். அரபிக்கடலின் கூனல் திமிங்கலம் மற்றவைபோல் அந்தாட்டிக்காவுக்குப் போவதில்லை. வருடம் முழுக்க அங்கேயே வாழ்கிற தனிக் கூட்டம். ஓமான் கரையில் எண்ணியபோது நூறுக்கும் குறைவு. அறுபது வருடமாகியும் அதுதான் நிலை. அதற்குப் பியானோ வீடியோ இல்லை.

இப்போது புதுக் கணக்குப்பிள்ளைகள் வந்திருக்கினம். சர்வதேச நாணய நிதியம், எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஆக்கள்தான், 2019இல் தன் சஞ்சிகையில் ஒரு கட்டுரை போட்டது. ஒரு பெரிய திமிங்கலம் தன் வாழ்நாளில் 33 தொன் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைக்கிறது, சுற்றுலா வருமானமும் தருகிறது, ஆகவே அதன் பெறுமதி 2 மில்லியன் டொலருக்கு மேல். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள், நம்புகிறேன். சூழல் ஆர்வலர்களும் சந்தோசமாகப் பகிர்ந்தார்கள். பாருங்கோ, காசாப் பார்த்தாலும் உயிரோட இருக்கிறதுதான் லாபம்!

கிளார்க்கின் கணக்கை ஒருக்கா நினைத்துப் பாருங்கள். 2 மில்லியன் என்று விலை எழுதினால், 3 மில்லியன் தருகிறவன் வரும்போது என்ன சொல்வீர்கள்? காபன் விலை நாளைக்கு விழுந்தால்? கொல்வதற்கு ஒரு விலை இருந்ததால்தான் அவை செத்தன. கொல்லாமல் விடுவதற்கும் ஒரு விலை எழுதுவது அதே கொப்பியின் அடுத்த பக்கம்.

இது வெறும் தத்துவச் சண்டை இல்லை. அந்தக் கொப்பி இப்பவும் திறந்திருக்கு. திமிங்கலத்தைச் சுடுவது கூடாது என்றானதும், திமிங்கலத்தின் சாப்பாட்டை அள்ளத் தொடங்கினார்கள். கிறில் என்பது விரல் நீளம் வரும் சிறு இறால் மாதிரியான உயிர். அந்தாட்டிக்கக் கடலின் சோறு அதுதான். அதைப் பிடித்து வளர்ப்புச் சால்மன் மீனுக்குத் தீனியாக்குகிறார்கள், ஒமேகா-3 வில்லையாக்கிப் போத்தலில் விற்கிறார்கள். அதிகம் பிடிக்கிற நாடு நோர்வே. லார்சனின் நாடு. தென் அத்திலாந்திக்கின் அந்தப் பெரிய பரப்புக்கு வைத்திருக்கிற எல்லை 620,000 தொன். 2025இல் முதல்முறையாக அந்த எல்லையைத் தொட்டு, பருவம் முடியும் முன்பே மீன்பிடியை மூடவேண்டி வந்தது. அதற்கு முதல் வருடம்தான், அந்தத் தொகையை ஒரே இடத்தில் அள்ளாமல் பிரித்துப் பிடிக்கவேண்டும் என்ற விதியைப் புதுப்பிக்க நாடுகளுக்கு ஒத்துவராமல் அது காலாவதியானது. கப்பல்கள் கிறில் திரளுகிற இடத்துக்குப் போகும். திமிங்கலமும் அங்கேதான் போகும். வலையில் சிக்கிக் கூனல் திமிங்கலக் குட்டிகள் செத்தும் இருக்கின்றன. தென் ஜோர்ஜியாவைச் சுற்றிக் கோடையில் கிறில் பிடிக்கத் தடை இருக்கிறது, அது நல்லது. ஆனால் திமிங்கலம் கடல் எல்லைக் கோட்டை வாசிக்காது.

எல்லை 'பாதுகாப்பான அளவு' என்று கம்பனிகள் சொல்லும். 16,000 அலகும் ஒருகாலத்தில் பாதுகாப்பான அளவுதான்.

எங்கட கடலுக்கும் வருவோம். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை எண்டு பேச்சுக்குச் சொல்லுவோமே, அந்தத் தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடும். வருடம் முழுக்க நீலத் திமிங்கலம் அங்கே நிற்கும். அந்தாட்டிக்காவின் நீலத் திமிங்கலம் இல்லை. இவை உருவத்தில் கொஞ்சம் சிறியவை, இந்தப் பக்கத்துக் கடலை விட்டு அந்தாட்டிக்காவுக்குப் போகாதவை. சோவியத் கணக்கில் செத்த 1,294 இந்தக் கடலின் பிள்ளைகள். 1982 தொடக்கம் 84 வரை 'ரியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே இவற்றைப் பார்த்து எழுதினார்கள். பிறகு யுத்தம் அந்தக் கடலை மூடிவிட்டது. யுத்தம் முடிந்து மிரிஸ்ஸவில் படகுகள் கூடியபோது நாங்கள் இதையும் "திமிங்கலம் வந்திட்டுது" எண்டுதான் சொன்னோம். அவை எப்பவும் நின்றவை. பார்க்கத்தான் எங்களுக்கு விடுதலை இருக்கவில்லை.

அவை நிற்கிற அதே நீரில் உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகுது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கப்பலின் முனையில் நீலத் திமிங்கலம் ஒன்று வளைந்து தொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. கரைக்கு வராமல் தாண்டுபோனவற்றை யார் எண்ணுவது? பாதையை 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் ஆபத்து 95 வீதம் அளவுக்குக் குறையும் என்று 2016இல் வெளியான ஆய்வு சொன்னது. கப்பல்களுக்கு அதனால் கூடுகிற தூரமும் அற்பம். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் கம்பனி தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே நகர்த்தியது. நல்லது, மெச்சலாம். ஆனால் ஒரு கம்பனி தானாகச் செய்ததை அதே கம்பனி தானாக விடவும் முடியும். மற்றக் கம்பனிகள் என்ன செய்யவேண்டும் என்று அது சொல்லாது. உத்தியோகபூர்வப் பாதையை மாற்ற, கரையோர நாடுதான் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பிடம் போய்க் கேட்கவேணும். கொழும்புக்கோ கப்பல்கள் தள்ளிப்போனால் எரிபொருள், துறைமுகச் சேவை வியாபாரம் குறையும் என்ற பயம். விமானநிலையச் சுவரில் திமிங்கலப் படத்தைப் போட்டுச் சுற்றுலாப் பயணியைக் கூப்பிடுகிற அதே நாடு.

அதனால் அடுத்தமுறை அந்த வால் வீடியோவை யாராவது சுற்றுலா அமைச்சின் பக்கத்தில் போட்டால் இதயத்தைத் தட்டாதேங்கோ. கீழே ஒரு வரி எழுதுங்கோ: 15 கடல்மைல், எப்ப?